குட்டியைத் தூக்கிட்டு வர்றதுக்கு முன்னாடி ஒரு கிழட்டு நாயை நினைச்சுப் பாருங்க

1. கொஞ்சம் நீளமான இழை. நாய் வளர்க்கிறவங்களும், வளர்க்கலாமான்னு யோசிக்கிறவங்களும் பொறுமையா படிங்க. நான் கால்நடை மருத்துவர் இல்ல. மனுஷங்களுக்குப் பார்க்கிற பொது மருத்துவர். ஆனா நாய் விஷயத்துல வீட்டுல நடக்கிற தப்பு பலதும் கடைசில என் மேசைக்குத்தான் வருது.

2. சில மாசம் முன்னாடி ஒரு திங்கட்கிழமை ஓ.பி. ஒரு அப்பா, ரெண்டாம் வகுப்பு படிக்கிற பொண்ணைச் சளின்னு கூட்டிட்டு வந்தார். மருந்து எழுதும்போது பாப்பா கையைப் பார்த்தேன். வலது கை விரல்ல ரெண்டு மூணு இடத்துல பல் தடம், காய்ஞ்சு பொருக்கு கட்டியிருந்துச்சு.

"இது என்னம்மா?"

அப்பா பதில் சொன்னார். "வீட்டுக் குட்டி சார். விளையாட்டுக்குக் கடிச்சது. நம்ம நாய்தானே."

3. குட்டி இப்போ எப்படி இருக்குன்னு கேட்டேன். அப்பா பேசல. பாப்பாதான் சொல்லுச்சு. "அது நேத்து செத்துப் போச்சு டாக்டர்."

ரோட்டோரம் கத்திக்கிட்டு கிடந்த குட்டி. ரெண்டு மாசம் இருக்கலாம்னாங்க. வீட்டுக்கு வந்து பத்து நாள், பாப்பாவைக் கடிச்சு நாலு நாள். கடைசி ரெண்டு நாள் சாப்பிடல, எச்சில் ஒழுகிச்சு, மூலையில சுருண்டு படுத்துக்கிச்சு. தடுப்பூசி போட்டீங்களா? "குட்டிதானே சார், பெருசானதும் போடலாம்னு இருந்தோம்."

4. அது ரேபிஸா, பார்வோவா, வேற எதுவுமான்னு யாராலயும் சொல்ல முடியாது. புதைச்சுட்டாங்க. ஆனா ஒண்ணு தெரியும். ரேபிஸ் அறிகுறி மனுஷனுக்கு வந்துட்டா, அதுக்கப்புறம் காப்பாத்த எங்ககிட்ட மருந்து இல்ல. வர்றதுக்கு முன்னாடி தடுக்க மட்டும்தான் முடியும். அதனால இந்த மாதிரி நேரத்துல "இருக்காது"ன்னு நினைக்கிற உரிமை எனக்குக் கிடையாது.

அன்னைக்கே காயத்தைச் சுத்தி இம்யூனோகுளோபுலின், கையில முதல் தடுப்பூசி. குட்டிக்கு விரலால பால் ஊட்டி நகக்கீறல் வாங்கின பாட்டிக்கும் ஊசி.

5. 28-ஆம் நாள் கடைசி ஊசிக்கு வந்தப்போ பாப்பா நல்லா இருந்துச்சு. ஊசி போட்டதும் அழுகையை நிறுத்திட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டுச்சு.

"டாக்டர், நாங்க வேற நாய் வளர்க்கலாமா?"

அப்பா "சும்மா இரு"ன்னு அதட்டினார். ஆனா அவரும் என் மூஞ்சியைத்தான் பார்த்தார். வெளியில இருபது பேர் காத்திருந்தாங்க, அன்னைக்குப் பதில் சொல்ல நேரமில்ல. இந்த இழைதான் அந்தப் பதில்.

6. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். நாம குட்டி வளர்க்கத்தான் ஆசைப்படறோம், நாய் வளர்க்க இல்ல. குட்டிங்கிறது ஆறு மாசம். அதுக்கப்புறம் பத்துப் பன்னிரண்டு வருஷம் அது ஒரு முழு நாய். கடைசி ரெண்டு மூணு வருஷம் கிழட்டு நாய். அந்தக் கிழட்டு நாயைப் பார்த்துக்க முடியும்னு தோணினா மட்டும் குட்டியைத் தூக்குங்க.

7. கணக்கு போட்டுப் பாருங்க. இன்னைக்கு ரெண்டாம் வகுப்புல இருக்கிற பிள்ளை கேட்டு அழுததுக்காக ஒரு குட்டி வாங்கறீங்க. அந்தப் பிள்ளை காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகும்போது நாய்க்குப் பத்து வயசு தாண்டியிருக்கும். அப்போ அதுக்குச் சோறு வைக்கிறது, வெளியில கூட்டிட்டுப் போறது, ராத்திரி எழுந்து பார்க்கிறது எல்லாம் யார்? பெரும்பாலும் அம்மாதான். அவங்ககிட்ட முதல்லயே கேட்டீங்களா?

8. அடுத்தது, என்ன நாய். நம்ம ஊரு வெயிலுக்கு ஹஸ்கியும் செயின்ட் பெர்னார்டும் படற பாட்டைப் பார்த்தா எனக்கே மூச்சு முட்டும். பனியில வாழறதுக்கு வந்த உடம்பு அது. பக் மாதிரி சப்பை மூக்கு நாய்க்கு மூச்சு விடறதே கஷ்டம், சித்திரை மாசத்துல சீக்கிரமே ஹீட் ஸ்ட்ரோக் வரும்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பைன்னு நம்ம மண்ணுக்குப் பழகின நாய்கள் இருக்கு. ஆனா அதுங்க ஓடறதுக்குப் பிறந்தது, அடுக்குமாடி ரெண்டு ரூம்ல அடைச்சு வைக்க முடியாது. பல வீட்டுக்குப் பொருத்தமானது தெருவுல பிறக்கிற சாதாரண நாட்டுக் குட்டிதான். காசும் கேட்காது.

9. குட்டியை எப்போ எடுக்கணும்? எட்டு வாரமாவது தாய்கிட்ட, கூடப் பிறந்ததுங்க கிட்ட இருக்கட்டும். எவ்வளவு அழுத்திக் கடிச்சா அடுத்தவனுக்கு வலிக்கும்னு குட்டி கத்துக்கிறதே அந்த விளையாட்டுலதான். நாலு வாரத்துல பிரிச்சு எடுத்துட்டு வந்த குட்டி உங்க பிள்ளை விரல்லதான் அந்தப் பாடத்தைப் படிக்கும்.

10. வந்த வாரமே கால்நடை மருத்துவர்கிட்ட காட்டுங்க. அரசு கால்நடை மருந்தகம் கிட்டத்துல இருந்தா அங்க போங்க. ஆறுல இருந்து எட்டு வாரத்துக்குள்ள பார்வோ, டிஸ்டம்பருக்கான முதல் ஊசி. அப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒருமுறை பூஸ்டர், பதினாறு வாரம் ஆகிறவரைக்கும். மூணாவது மாசத்துல ரேபிஸ் ஊசி, டாக்டர் சொல்ற தேதியில பூஸ்டர். பின்னாடி வருஷா வருஷம். குடற்புழு மருந்து தனி, குட்டியா இருக்கும்போது அடிக்கடி கொடுக்கணும்.

"பெருசானதும் போடலாம்"ங்கிற பேச்சே வேண்டாம். பார்வோ குட்டிகளைத்தான் கொல்லும். ரத்தமா பேதி, வாந்தி. ரெண்டு மூணு நாள்ல ஆள் காலி.

11. "குட்டிக்கு ரேபிஸ் எங்கிருந்து சார் வரும்?"னு கேட்கிறாங்க. தாயைக் கடிச்ச வெறிநாய் குட்டியையும் கடிச்சிருக்கலாம். ரோட்டுல கிடந்ததுக்கு நேத்து என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? இன்னொண்ணு, வெறிநாய்னா எல்லாரையும் துரத்திக் கடிக்கும்னு சினிமா பார்த்து நினைச்சுட்டு இருக்கோம். சத்தமில்லாம ஒடுங்கி, தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, ஒரு மூலையில கிடந்து சாகிற வகையும் உண்டு. அதுகிட்ட நாம பரிதாபப்பட்டு வாயில கை வைப்போம்.

12. ஊசி போடறதோட வேலை முடியல. முதல் மூணு நாலு மாசம்தான் குட்டி உலகத்தைக் கத்துக்கிற காலம். குழந்தைங்க, குடை பிடிச்ச ஆளு, ஹெல்மெட் போட்ட ஆளு, குக்கர் விசில், பட்டாசுச் சத்தம், எல்லாம் பயமில்லாம அறிமுகம் ஆகணும். இந்த வயசுல மாடிப்படி அடியில கட்டிப் போட்ட குட்டி, பின்னாடி யாரைப் பார்த்தாலும் பயப்படும். பயப்படற நாய்தான் கடிக்கும்.

வேளா வேளைக்கு நடத்திக் கூட்டிட்டுப் போகாம எப்பவும் சங்கிலியில வச்சிருக்கிறது 1960-ஆம் வருஷத்துப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

13. எட்டு மாசம், ஒரு வயசு. இதுதான் ஆபத்தான கட்டம், நாய்க்கு. உயரம் வந்துடும், குறும்பு போகாது. செருப்பைக் கடிக்கும், சோபாவைக் கிழிக்கும், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். "பைபாஸ்ல விட்டுட்டு வந்துடலாம், எப்படியாவது பிழைச்சுக்கும்"னு ஒரு யோசனை வரும்.

பிழைக்காது. வீட்டுச் சோறு சாப்பிட்ட நாய்க்குத் தெரு தெரியாது. முதல் வாரத்துலயே லாரியில அடிபடும், இல்ல மத்த நாய்ங்க குதறும். தப்பிச்சா தெருவுல குட்டி போடும். அதுல ஒரு குட்டியை வேற ஒரு பாப்பா தூக்கிட்டுப் போகும். அந்தப் பாப்பா என் ஓ.பி.க்கு வரும். பசியில தாகத்துல தவிக்க நாயைக் கைவிடறதும் அதே சட்டத்துல குற்றம்தான்.

14. அதனாலதான் கருத்தடை. "பாவம் சார், இயற்கைக்கு விரோதம்"னு சொல்றவங்களுக்கு: கருத்தடை செய்யாத பெட்டை நாய்க்கு வயசானதும் கருப்பையில சீழ் பிடிக்கிற நோய் வரலாம், கவனிக்காம விட்டா உயிரே போகும். மார்புக் கட்டி வர்ற வாய்ப்பும் அதிகம். எந்த வயசுல செய்யணும்னு உங்க கால்நடை மருத்துவரைக் கேளுங்க.

15. சாப்பாடு. நாம சாப்பிட்ட மிச்சம், காரக்குழம்பு ஊத்தின சோறு போதும்னு நினைக்காதீங்க. அதுக்குப் புரதம் வேணும், முட்டையோ கறியோ உப்பு காரமில்லாம. வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட் கூடாது. வேகவச்ச கோழி எலும்பு உடைஞ்சு ஊசி மாதிரி குடலைக் குத்தும். பிரியாணி எலும்பை அன்பா போடறவங்க கவனிங்க.

16. இப்போ என் தப்பு. எங்க வீட்டுல ஜிம்மின்னு ஒரு நாட்டு நாய் இருந்தான். என் பையன் எல்.கே.ஜி. சேர்ந்த வருஷம் வந்தவன். பன்னிரண்டு வயசுல பின்னங்கால் பிடிச்சுக்கிச்சு. எழுந்திருக்கும்போது முனகுவான். மூட்டுத் தேய்மானம்னு பார்த்தாலே தெரிஞ்சது. தினம் இருபது பேருக்கு மூட்டு வலிக்கு எழுதிக் கொடுக்கிறவன் நான். ஒரு வலி மாத்திரையில பாதி உடைச்சு தயிர்சாதத்துல வச்சுக் கொடுத்தேன். நாலு நாள்.

17. அஞ்சாவது நாள் வாந்தி. மலம் தார் மாதிரி கறுப்பா போச்சு. அது வயித்துக்குள்ள ரத்தக் கசிவுன்னு எனக்குச் சொல்லித் தர ஆள் தேவையில்ல. தூக்கிட்டு ஓடினேன். என்ன கொடுத்தேன்னு சொன்னதும் கால்நடை மருத்துவர் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டுச் சொன்னார்: "சார், எங்களுக்கு அதிகமா வேலை கொடுக்கிறது மனுஷ டாக்டருங்கதான்."

ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மாதிரி நமக்குச் சாதாரணமா இருக்கிற மாத்திரை நாய்க்கு வயித்துல புண்ணாக்கும், கிட்னியைக் கெடுக்கும். பாரசிட்டமாலும் நாமளா கொடுக்கக் கூடாது. நாய்க்குன்னு தனி மருந்து இருக்கு.

18. மூணு நாள் டிரிப்ஸ் ஏத்தி பிழைச்சு வந்தான். ஆனா கிட்னி பழைய மாதிரி இல்ல. அதுக்கப்புறம் எட்டு மாசம் இருந்தான். நான் அந்த மாத்திரையைக் கொடுக்காம இருந்திருந்தா இன்னும் எத்தனை மாசம்னு இப்பவும் நினைச்சுப் பார்க்கிறது உண்டு. பையன் என்னைக் குறை சொல்லல. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

19. அந்த எட்டு மாசத்துலதான் வயசான நாய்னா என்னன்னு கத்துக்கிட்டேன். கண்ல புரை விழுந்துடுச்சு, அதனால தண்ணிக் கிண்ணத்தை இடம் மாத்தல. மொசைக் தரையில கால் வழுக்குதுன்னு பழைய கோணிச்சாக்கை வரிசையா விரிச்சோம். ராத்திரி ரெண்டு மணிக்குச் சுவரைப் பார்த்து நின்னு குரைப்பான். மனுஷங்களுக்கு மறதி நோய் வர்ற மாதிரி நாய்க்கும் உண்டு. வீட்டுக்குள்ளயே சிறுநீர் போயிடுவான், போனதும் காதை மடக்கிட்டு எங்களைப் பார்ப்பான். ஒரு தடவை கூட அதட்டல.

20. கடைசி வாரம் சாப்பாடு நின்னுச்சு. வலியில்லாம வழியனுப்பற ஊசி ஒண்ணு இருக்குன்னு கால்நடை மருத்துவர் பொறுமையா விளக்கினார். சரியா தப்பான்னு எங்க வீட்டுலயே ரெண்டு கருத்து. நான் சொல்றது இவ்வளவுதான்: "இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்"னு நாம சொல்றது அதுக்காகவா, நமக்காகவான்னு ஒரு தடவை கேட்டுக்கணும். நாங்க கேட்டோம். அவன் தலை என் பையன் மடியில இருந்துச்சு.

21. கடிபட்டா என்ன செய்யணும்? எல்லாரும் மனப்பாடம் பண்ணுங்க. ஓடற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. கட்டுப் போடக் கூடாது. அன்னைக்கே ஆஸ்பத்திரி. அரசு மருத்துவமனையில ஊசி இலவசம். ரத்தம் வந்த காயம்னா இம்யூனோகுளோபுலினும் வேணும், கேட்டு வாங்குங்க.

நாயைப் பத்து நாள் கவனிக்கணும்ங்கிறது உண்மைதான். ஆனா முதல் ஊசியைப் போட்டுட்டுத்தான் கவனிக்கணும். சொந்த நாய், தடுப்பூசி போட்ட நாய், சின்னக் கீறல்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, டாக்டர் பண்ணட்டும். வெறிநாய்க்கடிக்கு மருந்து தயாரிக்கவே குன்னூர்ல 1907-ல ஒரு நிறுவனம் தொடங்கின மாநிலம் இது. இங்க ஒரு பிள்ளை இந்த நோயில சாகிறதுக்கு நியாயமே இல்ல.

22. "இவ்வளவு பயமுறுத்தினா யாருமே நாய் வளர்க்க மாட்டாங்களே"ன்னு கேட்பீங்க. பயமுறுத்தல. ஜிம்மி இருந்த பன்னிரண்டு வருஷத்துல நான் ராத்திரி எத்தனை மணிக்கு டியூட்டி முடிச்சு வந்தாலும் கேட் கிட்ட ஒரு ஜீவன் முழிச்சிருந்துச்சு. அதுக்கு விலை கிடையாது. அதோட ஊசிக்கும் மருந்துக்கும் செலவழிச்சது ஒரு செலவா?

23. அதனால, பாப்பா, உன் கேள்விக்குப் பதில்: வளர்க்கலாம். ஆனா இந்தத் தடவை அப்பாவைக் கூட்டிட்டு முதல்ல கால்நடை மருத்துவர்கிட்ட போ, அப்புறம் குட்டிக்குப் பேர் வை. ஊசி போடற தேதியை உன் கையால காலண்டர்ல எழுது. நீ காலேஜ் போகும்போது அது கிழடாயிருக்கும். அன்னைக்கும் அது உன் நாய்தான்.

உங்க நாயோட ரேபிஸ் ஊசி அட்டை எங்க இருக்குன்னு இப்பவே எழுந்து போய்ப் பாருங்க. தேதி தாண்டியிருந்தா நாளைக்குக் காலையில முதல் வேலை அதுதான்.