செருப்பை எடுக்கும் முன் காலைப் பாருங்கள்

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் கனடாவின் தென்கிழக்கிலும் மரங்கள் சூழ்ந்த வீடுகளில் கோடையில் அடிக்கடி நடக்கும் கூத்து இது. பேஸ்மெண்ட் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி. ஒரு அலறல், ஒரு செருப்பு, ஒரே அடி. முடிந்தது கதை.

செத்தது என்ன என்று யாராவது பார்க்கிறார்களா? பெரும்பாலும் அது மீன்பிடிச் சிலந்தி. அறிவியல் பெயர் டோலோமீடஸ் டெனெப்ரோசஸ். இதன் உறவுக்காரச் சிலந்திகள் நீர்ப்பரப்பில் கால் வைத்து, அதிர்வை உணர்ந்து பூச்சிகளையும் சில சமயம் சிறு மீன்களையும் பிடிக்கும். இதுவோ தண்ணீரை விட்டு வெகுதூரம் வந்து மரங்களிலும் சுவர்களிலும் வாழும். இரைக்காக வலை கட்டாது. அசையாமல் காத்திருந்து பாயும்.

"அய்யோ, அது பிரவுன் ரெக்ளூஸ்! கடித்தால் சதை அழுகிவிடும்!" என்பார்கள். இங்கேதான் வருகிறது கோபம். ரெக்ளூஸின் கால்களில் பட்டையே கிடையாது. கண்கள் ஆறு. உடல் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். மீன்பிடிச் சிலந்தியின் கால்களில் கறுப்பும் பழுப்புமாகப் பட்டைகள். கண்கள் எட்டு. நன்கு வளர்ந்த பெண்ணின் உடல் மட்டுமே இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டும். கனடாவிலோ ரெக்ளூஸ் இயற்கையாக வாழ்வதே இல்லை!

சரி, ரெக்ளூஸ்தான் என்றே வைத்துக்கொள்வோம். 2001-ல் கான்சஸ் மாநிலத்தில் ஒரே வீட்டில் ஆறு மாதத்துக்குள் 2,055 ரெக்ளூஸ் சிலந்திகள் அகப்பட்டன. அங்கே குடியிருந்த நான்கு பேரில் ஒருவருக்கும் விஷக்கடி இல்லை. அதற்கே அப்படி என்றால் இந்த அப்பாவிக்கு ஏன் மரண தண்டனை?

"வீட்டில் குழந்தை இருக்கிறதே?" நியாயமான கேள்விதான். கையில் பிடித்து நசுக்கினால் மீன்பிடிச் சிலந்தியும் கடிக்கும். பெரும்பாலோருக்குத் தேனீ கொட்டியதுபோல் வலித்து அடங்கிவிடும். அதுவும் வேண்டாமா? ஒரு கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்து, அடியில் ஒரு கெட்டி அட்டையைச் செருகி, வெளியே மரத்தடியில் விட்டுவிடலாம். இரண்டு நிமிட வேலை.

கொல்பவர்கள் இழப்பது எவ்வளவு தெரியுமா? தாய்ச் சிலந்தி முட்டைப் பையை வாயில் கவ்விக்கொண்டே திரியும். பொரியும் நேரத்தில் இலைகளுக்கிடையே வலைத் தொட்டில் கட்டி, குஞ்சுகளுக்குக் காவல் இருக்கும். ஆண் சிலந்தியோ இணைசேர்ந்த கணமே தானாகச் செத்துவிடும் என்று 2013-ல் நெப்ராஸ்கா ஆய்வாளர்கள் எழுதினார்கள். இத்தனையும் பேஸ்மெண்ட் படிக்கட்டில் உட்கார்ந்தபடி காசில்லாமல் பார்க்கக் கிடைப்பவை.

பயம் வருவதில் தப்பில்லை. என்னவென்றே பார்க்காமல் கொன்றுவிட்டு அதை வீரம் என்று சொல்லிக்கொள்வதுதான் தப்பு.