கோழியில் இல்லை, மசாலாவில் இருக்கிறது



உங்களில் பாதிப்பேர் இப்போது பேலியோ, கீட்டோ என்று சோற்றையும் இட்லியையும் நிறுத்திவிட்டீர்கள். சந்தோஷம். ஆனால் சனிக்கிழமை ராத்திரி கடையில் சிக்கன் 65 வாங்கிப் படம் போட்டு, "இதுல கார்ப்பே இல்ல சார்" என்று எழுதுகிறீர்களே, அதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கோழிக்கறியில் மாவுச்சத்து இல்லைதான். அதன்மேல் அப்பியிருப்பது என்ன? கார்ன்ஃப்ளார், மைதா, அரிசிமாவு. ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரில் சுமார் 7 கிராம் மாவுச்சத்து. அரைக் கிலோ கறிக்கு நாலு கரண்டி என்றால் எவ்வளவு? (கணக்கில் யார் எப்படி என்று எனக்குத் தெரியும்!) 65 மசாலா பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படியுங்கள், பலவற்றில் மாவு இருக்கும். பார்பிக்யூ சாஸ் என்றால் சர்க்கரை.

வீட்டில் செய்ய மாவே வேண்டாம். அரைக் கிலோ தொடைக்கறிக்கு நாலு மேசைக்கரண்டி கெட்டித் தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், மிளகு, கறிவேப்பிலை, ஒரு தேக்கரண்டி உப்பு. தயிரில் 100 கிராமுக்கு 4, 5 கிராம் மாவுச்சத்துதான், பயப்படாதீர்கள். பிசறி ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைக்கலாம். உள்ளே இறங்குவது பெரும்பாலும் உப்புதான், மசாலா மேலேயே நின்றுவிடும். அதனால் கறியைக் கீறி விடுங்கள். எலுமிச்சையைக் கடைசியில் பிழிந்தால் போதும், ராத்திரியெல்லாம் அதில் ஊறினால் கறி வெளிறிச் சக்கையாகிவிடும். வாணலியில் போடுமுன் மிச்சத் தயிரை வழித்துவிடுங்கள். ஈரம் இருந்தால் வேகும், சிவக்காது. மொறுமொறுப்பு கேட்பவர்கள் தோலோடு வாங்குங்கள். உரிக்கச் சொல்வது நம் ஊர்ப் பழக்கம், இந்த உணவுமுறைக்கு அது தேவையே இல்லை.

இப்படிச் சமைத்தால் மாவுச்சத்து நிஜமாகவே குறைந்துவிடும். எனக்குக் கவலையே அங்கேதான். இன்சுலின் போடுபவர்களும், கிளிமெபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் சோற்றை நிறுத்திவிட்டு மருந்தைப் பழைய அளவிலேயே எடுத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். உணவை மாற்றுமுன் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவை அவர் மாற்றித் தரட்டும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் கறி எவ்வளவு சாப்பிடலாம் என்றும் கேளுங்கள். கை நடுங்கி, வியர்த்துக் கொட்டினால் டயட் கெட்டுவிடுமே என்று யோசிக்காமல் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் இதை இன்றைக்கே சொல்லி வையுங்கள்.