நோட்டில் ஏறாத உழைப்பு

பத்தாம் வகுப்பு விடுமுறையில் கோவில்பட்டியில் ஒரு சைக்கிள் கடையில் வேலைக்கு நின்றேன். கூலி கிடையாது. “வேலை பாரு, பழைய வண்டி ஒண்ணு தாரேன்” என்பதுதான் பேச்சு. எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை. கேட்கும் இடத்தில் நானும் இல்லை. பஞ்சர் ஒட்டினேன், ரிம் கோட்டம் எடுக்கப் பழகினேன், முதலாளி வீட்டுக்குத் தண்ணீரும் சுமந்தேன். இடையில் ஒருவர் நல்ல கியர் சைக்கிள் ஒன்றைச் சும்மா கொடுத்துவிட்டுப் போனார். அதன் பாகங்களெல்லாம் முதலாளியின் சொந்தக்காரப் பையன் வண்டியில் ஏறின. இரண்டு மாதம் கழித்து எனக்கு வந்தது செயின் இல்லாத ஒரு பிரேம்.

இப்போது எங்கள் பக்கம் சமூக சைக்கிள் பட்டறை தொடங்க நண்பர்கள் பேசுகிறார்கள். அமெரிக்க, ஐரோப்பிய நகரங்களில் இப்படிப் பல பட்டறைகள் உண்டு. பழைய சைக்கிள்களை நன்கொடையாக வாங்குவார்கள். காசு இல்லாதவர் சில மணி நேரம் வேலை செய்து ஒரு வண்டியை எடுத்துக்கொள்ளலாம். நமக்கும் வண்டிக்குப் பஞ்சமில்லை. 2001-02இல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கெனத் தொடங்கிய அரசின் விலையில்லா சைக்கிள் திட்டம், பின்னர் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் 11ஆம் வகுப்பு மாணவர்களுக்கெல்லாம் விரிந்தது. படிப்பு முடிந்ததும் திண்ணையோரம் துருப்பிடித்து நிற்கும் வண்டிகளைக் கரிசல் கிராமங்களில் இன்றும் பார்க்கலாம்.

பட்டறை வரட்டும். ஆனால், ‘வேலைக்குப் பதில் பொருள்’ என்பது இந்த மண்ணில் புதிய யோசனை அல்ல. களத்தில் அளந்து போடும் தானியத்துக்காக ஆண்டு முழுவதும் செருப்புத் தைத்தவர்கள், துணி வெளுத்தவர்கள், சாவுச் செய்தி சொல்ல ஓடியவர்கள் நம் தாத்தா பாட்டிகள். பண்டமாற்று மட்டுமே அதன் கொடுமை அல்ல. வேலைக்கு எல்லையும் இல்லை, கூலிக்குக் கணக்கும் இல்லை. மராட்டியத்தில் மகர்களைப் பிணைத்திருந்த வதன் முறையும் அப்படித்தான். அதை மாற்ற அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல்தான் வந்தது.

அதனால் பட்டறையின் முதல் கருவி ஸ்பேனர் அல்ல, நோட்டு. எந்த வண்டிக்கு எத்தனை மணி நேர வேலை என்பது முதல் நாளே எழுதப்பட வேண்டும். எல்லாருக்கும் ஒரே கணக்கு. பட்டறை வேலை தவிர வேறு வேலை ஏவக் கூடாது. கூட்டிப் பெருக்குவது முறை வைத்து எல்லார் கைக்கும் வர வேண்டும். இல்லாவிட்டால் அது யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியும்.

விலை மதிப்புள்ள பாகங்கள் இன்னும் சிக்கல். நல்ல கியர் செட் வந்தால், முதலில் பார்த்தவர் தன் வண்டிக்கு எடுத்து வைக்கத்தான் ஆசைப்படுவார். வந்த அன்றே அது நோட்டில் ஏற வேண்டும். எல்லார் முன்னிலையிலும் விலை வைத்து விற்று, அந்தப் பணத்தில் வாடகையும் கருவிச் செலவும் பார்க்க வேண்டும். நடத்துபவர்களுக்கு முன்னுரிமை கூடாது.

“நமக்குள்ள என்ன கணக்கு?” என்று தோழர்கள் கேட்கலாம். அந்த ‘நமக்குள்’ யார் யார் என்பதுதான் என் கேள்வி. சாதி தன் பெயரைச் சொல்லிக்கொண்டு பட்டறைக்குள் வராது. ‘நம்ம பையன்’ என்றுதான் வரும். நோட்டைச் சுவரில் தொங்கவிடுங்கள். வேலைக்கு வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளை, யாரையும் கேட்காமல், தனக்கு இன்னும் எத்தனை மணி நேரம் பாக்கி என்று பார்த்துக்கொள்ள முடிய வேண்டும்.