வாத்தியாரைப் பாகூருக்கு அழைப்போம்

சிறுவர்களே நடிக்கும் பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுவின் பிள்ளைகளோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த சங்கரதாஸ் சுவாமிகள், 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். பிறந்தது 1867இல், தூத்துக்குடிச் சீமையில். அடங்கியது நம் கருவடிக்குப்பத்தில். புதுவை அவரை மறந்துவிடவில்லை. பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி அவர் பெயரில்தான் தொடங்கியது; ஆண்டுதோறும் அரசு தரும் திரைப்பட விருதும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஆனால் இந்த மரியாதையெல்லாம் நகரத்தோடும் பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டோடும் நின்றுபோகிறது. வாழ்நாளெல்லாம் நாடக வாத்தியாராக இருந்தவருக்கு, அவர் நடத்திய பாடம் தொடர்ந்து நடப்பதைவிடப் பெரிய மரியாதை எது? வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் அரசுப் பள்ளிகளில் அது நடக்க வேண்டும் என்பது என் கருத்து.

சுவாமிகளின் சாதனை எழுதிக் குவித்த நாடகங்களின் எண்ணிக்கையில் இல்லை. 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று அவருடைய மாணவர் டி.கே. சண்முகம் பதிவுசெய்திருப்பது வியப்புக்குரியதுதான். ஆனால் அதைவிடப் பெரியது அவர் அமைத்த கட்டுமானம். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்' முதலியவற்றில் பாட்டை உறுதியான தூண்களாக நட்டார். இடையில் வரும் வசனத்துக்கும் தர்க்கத்துக்கும் நடிகர் தம் சொந்தச் சரக்கைக் கொண்டுவர இடம் விரிந்தது. இன்றும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்துக்கு வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பபூனும் ஒத்திகையே இல்லாமல் மேடையேறி விடிய விடிய ஆடுகிறார்கள். எல்லோருக்கும் பொதுவான பாடம் ஒன்று தொண்டையில் இருப்பதால்தான் இது முடிகிறது. நேப்பிள்ஸ் நகரின் பேச்சுமொழியில் பாட்டும் நாடகமும் எழுதிய சால்வதோரே தி ஜாக்கொமோவும் சுவாமிகளின் காலத்தவரே. அவரை அந்த ஊர் தன் பெருங்கவியாகக் கொண்டாடுகிறது. நாமோ சுவாமிகளை மேடைக்காரர் என்று ஒதுக்கி, இலக்கிய வரலாற்றில் ஒரு பத்தியோடு முடித்துவிடுகிறோம்.

"அது தெற்கத்தி நாடகம், எங்கள் பக்கம் தெருக்கூத்துதானே?" என்று பாகூர்க்காரர் கேட்கலாம். நியாயமான கேள்வி. திரௌபதி அம்மன் திருவிழாவும் பாரதக் கூத்தும் இந்த மண்ணுக்கே உரியவை. அவற்றின் இடத்தைப் பிடிக்க இன்னொன்று வரக் கூடாது. ஆனால் இரண்டுக்கும் நடுவே சுவர் எதுவும் இருந்ததில்லை. கூத்து மேடையில் முகவீணைக்குப் பக்கத்தில் ஆர்மோனியம் உட்கார்ந்திருக்கிறதே, அது நாடகக் கம்பெனிகளின் காலம் விட்டுச்சென்ற உறவு. அபிமன்யுவும் இரணியனும் இரண்டு மேடையிலும் வருகிறார்கள். கற்றுக்கொடுப்பவரை 'வாத்தியார்' என்றுதான் இரண்டு பக்கமும் அழைக்கிறார்கள். கூத்தில் கட்டியங்காரனைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் பபூன் அந்நியனாக இருக்க மாட்டான்.

இன்னொரு மறுப்பு கனமானது: புராணக் கதைகளும் பதிவிரதைப் பெண்களும் இன்றைய மாணவிகளுக்கு எதற்கு? 'சுலோசனா சதி' போன்ற நாடகத்தை அப்படியே பாடமாக வைக்க நானும் ஒப்பமாட்டேன். ஆனால் 'வள்ளி திருமண'த்தின் உயிர் தர்க்கத்தில் இருக்கிறது. நாரதர் எதைக் கேட்டாலும் தினைப்புனத்துப் பெண் நிமிர்ந்து நின்று பதில் சொல்கிறாள். அந்தப் பதிலை ஒவ்வொரு நடிகையும் தன் அறிவைக் கொண்டே கட்டுகிறார். பதினான்கு வயதுப் பெண் தன் சொந்தச் சொற்களில் சபையில் வாதாடப் பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி நம் பாடத்திட்டத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதற்குப் பெரிய செலவும் ஆகாது. நாடகப் பள்ளியில் படித்து வந்தவர்களும் உள்ளூர்க் கூத்து வாத்தியார்களும் சேர்ந்து வார இறுதியில் நடத்தலாம். வாத்தியார்களுக்கு மாதச் சம்பளத்தை அரசு கொடுக்க வேண்டும். பல்லவர் காலத்தில் பாகூரில் இருந்த கல்லூரிக்கு ஊர்களையே மானியமாகக் கொடுத்ததை அவ்வூர்ச் செப்பேடு சொல்கிறது. இப்போது கேட்பது அந்தச் சம்பளமும் ஒரு வகுப்பறையும் ஓர் ஆர்மோனியமும்தான். நவம்பர் 13 அன்று அந்தப் பிள்ளைகள் கோயில் திடலில் ஆடட்டும்.