நெகட்டிவை விட்டுவிட்டு கேமராவை மட்டும் வாங்குவதா?

பழைய போட்டோ ஸ்டூடியோ ஒன்றை மூடும்போது முதலில் விலைபோவது இரட்டை லென்ஸ் கேமராதான். யாஷிகா மேட்டோ ரோலிகார்டோ, எதுவானாலும் துடைத்துப் பளபளப்பாக்கி வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். மதுரை மாசி வீதிகள் தொடங்கி மேலூர், திருமங்கலம் வரை, ஸ்டூடியோ நடத்திய குடும்பங்களின் பரண்களைத் தேடிப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 120 ரோல் போடும் கேமரா பெரிய நெகட்டிவ் எடுப்பதற்காகவே செய்யப்பட்டது. ரோல் போட மனமில்லாதவர் அதை வாங்காமல் இருப்பதே மேல் என்பது என் கட்சி.

35 மி.மீ. பிலிமில் ஒரு படம் 24-க்கு 36 மி.மீ. சதுர 120-இல் அது 56-க்கு 56. பரப்பில் மூன்றரை மடங்குக்கு மேல். நம் ஸ்டூடியோக்காரர்களுக்கு இது சோறு போட்ட கணக்கு. முகத்திலுள்ள பரு நெகட்டிவில் வெளிறிய புள்ளியாக விழும். ஊசிபோல் சீவிய பென்சிலால் அந்தப் புள்ளியை அடைத்துவிட்டால் பிரிண்டில் பரு காணாமல் போகும். முகம் குன்றிமணி அளவில் இருந்தால் இந்த ‘டச்சிங்’ நடக்காது. கட்டைவிரல் நகமளவாவது வேண்டும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க அனுப்பிய எத்தனையோ படங்களின் களை அந்தப் பென்சில் முனையில் வந்ததுதான். பயன்படுத்தாமல் அலமாரியில் நிற்கும் கேமராவோ தானாகவே கெடுகிறது. யாஷிகா மேட் 124ஜி தயாரிப்பு 1986-இல் நின்றது; இளைய கேமராவுக்கே நாற்பது வயது. ஓடாத ஷட்டரில் எண்ணெய் பிசினாகும். தோல் உறையின் ஈரத்தில் லென்ஸுக்குள் ஃபங்கஸ் படரும். வாங்கும்போது ஷட்டரை ‘பி’யில் (அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும் நிலையில்) திறந்து பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், சிலந்தி வலைபோல் தெரிந்தால் அதுதான். பிறகு ஒரு விநாடிக்கு வைத்து அழுத்துங்கள். எண்ணெய் பிசினாகியிருந்தால், 1/500-இல் சுறுசுறுப்பாகச் சொடுக்கும் ஷட்டர்கூட இங்கே பாதியில் மூச்சுவாங்கி நிற்கும்.

பிலிமுக்கு எங்கே போவது என்பார்கள். நியாயமான கேள்விதான். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் தயாரித்த காலம் மலையேறிவிட்டது. இன்று வருவதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. ரோலுக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்தாலும் பன்னிரண்டு படத்தில் படம் ஒன்றுக்கு எண்பது ரூபாய்க்கு மேல் ஆகிறது. கல்யாண வீட்டுக்கும் செய்திப் படத்துக்கும் இது கட்டாது, அங்கே டிஜிட்டலே சரி. ஆனால் மாதம் ஒரு ரோல் என்பது பொழுதுபோக்குக்குப் பெரிய செலவில்லை, கேமராவின் விலையோடு ஒப்பிட்டால் இன்னும் சிறியது. கருப்பு வெள்ளையைக் கழுவ லேப் தேட வேண்டியதுமில்லை. டெவலப்பருக்கு 20 டிகிரி வேண்டும். சித்திரை மாதத்து மதுரையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும். பானைத் தண்ணீரும் சில ஐஸ் கட்டிகளும் அதைச் சரிசெய்துவிடும்.

செல்போனில் ஆயிரம் படம் இருக்கும்போது நெகட்டிவ் எதற்கு என்று கேட்பவர்கள் திருமலை நாயக்கர் மகாலை நினைத்துப் பார்க்கலாம். சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு பழுதுபார்ப்பதற்கு முன் மகால் எந்தக் கோலத்தில் கிடந்தது என்று நமக்குத் தெரிவது, புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் 1858-இல் பெரிய காகித நெகட்டிவில் எடுத்து வைத்ததால். நெகட்டிவும் சாகாவரம் பெற்றதல்ல. பூஞ்சையும் வெக்கையும் அதையும் தின்னும். ஆனாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் முகம் தெரியும், கடவுச்சொல் கேட்காது.

இந்த நெகட்டிவ் விஷயத்தில்தான் கேமரா வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். கேமரா இருந்த அதே பரணில் நெகட்டிவ் பெட்டிகளும் இருக்கும். வெள்ளிக்காக அவை எடைக்குப் போய்விடுவதுண்டு. யாரோ ஒருவர் வீட்டு முகங்கள் நமக்கு எதற்கு என்ற தயக்கம் புரிகிறது. ஆனால் அந்த ‘யாரோ’ அநேகமாக அதே தெருக்காரர், தாத்தா படம் கிடைக்காதா என்று ஏங்கும் குடும்பம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழக ஸ்டூடியோப் படங்களை டிஜிட்டல் ஆக்கியிருக்கிறது. அந்த வழி நமக்கும் திறந்ததுதான். கேமராவுக்குப் பேரம் பேசி முடித்த கையோடு, அந்தப் பெட்டிகள் என்ன விலை என்றும் ஸ்டூடியோக்காரரிடம் கேளுங்கள். உறைகளின் மேல் பெயரும் தேதியும் எழுதியிருந்தால், ஒன்றைக்கூடப் பிரித்துக் கலைக்காமல் அப்படியே கட்டி எடுத்து வாருங்கள்.