குடியில்லாக் குடிமக்கள்

தமிழில் குடி என்னும் சொல் ஒன்று. அதன் கிளைகளோ பல. குடில், குடிசை, குடியிருப்பு, குடும்பம், குடிமகன், குடியரசு என யாவும் அவ்வொரு சொல்லைச் சூழ்ந்து நிற்பனவே. வாழ்தற்கு ஓரிடம் உடையாரே குடி. அவ்விடத்தில் கூடி வாழ்வாரே குடும்பம். அவ்விடத்தை உறுதிசெய்து காப்பதே அரசு. இஃது அச்சொற்களுக்குள்ளேயே பொதிந்து கிடக்கும் கருத்து. இதனால் விளங்குவது யாது? ஒருவனைக் குடிமகன் என்று அழைத்துவிட்டு, அவன் தலைசாய்க்க ஒரு குழி நிலமும் இன்றி விடும் குடியரசு, தன் பெயர்க்கே மாறாக நடக்கின்றது என்பதே.

திருவண்ணாமலையில் இவ்வுண்மையைக் கண்ணாற் காணலாம். வீடு என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. உறையுள் ஒன்று, பிறவித் துயரினின்று விடுபடும் பேறு மற்றொன்று. செங்கம் சாலையில், இரமணாசிரமப் பகுதியில், இவ்விரண்டு வீடுகளையும் தேடுவார் ஒரே தெருவில் எதிரெதிரே நடக்கின்றனர். 1896ஆம் ஆண்டு பதினாறு அகவை இளைஞராய் இவ்வூர்க்கு வந்த இரமணர், கோயிலிலும் மலைக்குகைகளிலும் பல்லாண்டு கழித்து, 1922இல் தம் தாயார் மறைந்தபின் மலையடிவாரத்தில் தங்கினார். இன்று உலகறிந்த அத் தவப்பள்ளி, அன்று தாயாரின் அடக்கத்தருகே எழுந்த ஒரு கூரைக்கொட்டகையே. துறவி கூரைக்கடியில் வாழ்ந்தது அவர் தாமே தேர்ந்துகொண்ட வாழ்வு. அதே சாலையில் பூக்கட்டி விற்பவளும், விடுதியில் துணி வெளுப்பவனும், புதிய மாடிக்குச் சாந்து சுமப்பவளும் கூரைக்கடியில் ஒடுங்குவது அவர்கள் தேர்ந்துகொண்டதன்று. இவ்வேறுபாட்டை மறந்து, இல்லாமையும் ஒரு தவமே என்று ஏழைக்கு ஓதுவது அறமாகாது.

இல்லாமை எங்குக் கொண்டுபோய் விடும் என்பதை அம்மலையே ஒருநாள் காட்டிற்று. 2024ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. பெஞ்சல் புயலின் பெருமழையில் மண் ஊறி நெகிழ்ந்து, மலைச்சரிவில் உள்ள வ.உ.சி. நகரின் மேல் பாறையும் சேறுமாய்ச் சரிந்தது. வீட்டுக்குள் அகப்பட்ட எழுவர் மாண்டனர். அவருள் ஐவர் சிறுவர் சிறுமியர். சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து மண்ணியல் வல்லுநர் வந்து பார்த்தனர். இறந்தார் குடும்பங்களுக்குத் தலைக்கு ஐந்து இலக்க உருபா என அரசு அறிவித்தது. பன்னிரண்டு நாள் கழித்து, திசம்பர் 13இல், கார்த்திகை விளக்கீடு வந்தது. மலையின் மண் உறுதியாக இல்லை என்று கூறி, அவ்வாண்டு அடியார் மலையேறுதல் தடுக்கப்பட்டது. விளக்கேற்றும் பணிக்கு வேண்டியவரே ஏற விடப்பட்டனர்.

அத் தடை சரியே. அதைக் குறைகூறுவார் இலர். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் இரவு ஏறி இறங்குவார்க்கு இடராகிய மலை, ஆண்டு முழுதும் அதன் மடியில் அடுப்பெரித்துப் பிள்ளை வளர்ப்பார்க்கு இடராகாதா? விழாவுக்காகப் பன்னிரண்டு நாளில் விழித்துக்கொண்ட அரசின் கண், குடியிருப்பார் பொருட்டு இத்தனை ஆண்டுகள் ஏன் மூடிக் கிடந்தது?

மண்சரிவு நேர்ந்ததும் பலர் வாயில் எழுந்த முதல் வினா, "அவர்கள் ஏன் அங்குப் போய்க் குடியேறினர்?" என்பது. வினா பிழையன்று, ஆனால் அதற்கு விடை தேடுவாரைத்தான் காணோம். ஏழை மலைச்சரிவுக்கு விரும்பிப் போவதில்லை. விலையால் தள்ளப்பட்டுப் போகின்றான். இரமணாசிரமப் பகுதியும் 14 கிலோமீட்டர் மலைவலப் பாதையும் இன்று விடுதிகளாலும் அடுக்குமனைகளாலும் நிறைந்து வருகின்றன. முழுநிலா நாளில் மலைவலம் வருவார் பெருகினர். அயல்நாட்டிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்து மனை வாங்குவார் பெருகினர். வந்தவர் மீது நமக்குப் பகையில்லை; அண்ணாமலையார் எல்லார்க்கும் பொது. ஆனால், வருவார் தொகை பெருகப் பெருக மனைவிலையும் குடிக்கூலியும் ஏறுகின்றன. ஏற ஏற, அவ்விருந்தினர்க்கு உழைக்கும் உள்ளூர்த் தமிழன் சாலையினின்று சந்துக்கும், சந்தினின்று ஓடைக்கரைக்கும், ஓடைக்கரையினின்று மலைச்சரிவுக்கும் ஒதுங்குகின்றான். மேலும் ஒதுங்க இடமில்லாத நாளில் மலை அவன்மேல் இறங்குகின்றது.

இத்தகையார்க்கென்றே அரசிடம் திட்டங்கள் இல்லையா? உண்டு; நிறையவே உண்டு. 1970இல் குடிசைமாற்று வாரியம் தோன்றிற்று; அது 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறிற்று. 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதற் சமத்துவபுரம் எழுந்தது. 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டமும், 2011இல் கதிரவன் ஒளியில் விளக்கெரியும் பசுமை வீட்டுத் திட்டமும் வந்தன. 2024இல் 'கலைஞரின் கனவு இல்லம்' அறிவிக்கப்பட்டது. 2030க்குள் ஊர்ப்புறங்களில் எட்டு இலக்கம் கற்காரை வீடுகள் என்பது அதன் குறிக்கோள். ஒரு வீட்டுக்கு மூன்றரை இலக்க உருபா என்பது அளவு.

நடுவணரசின் திட்டம் 1985இல் 'இந்திரா ஆவாசு யோசனா' என்று தொடங்கி, 2016 முதல் 'பிரதான் மந்திரி ஆவாசு யோசனா' என்று நடக்கின்றது. ஆவாசு என்றால் என்ன, யோசனா என்றால் என்ன என்று, அப்பெயரைச் சுவரில் எழுதிக்கொண்ட வீட்டுக்காரியைக் கேட்டுப் பாருங்கள். தனக்குக் கிடைத்த வீட்டின் பெயர் தனக்கே விளங்காத அவலம் இம்மண்ணில்தான் உண்டு. அதற்குமேல் ஒரு வியப்பு. ஊர்ப்புறத்தில் அத் திட்டத்தின் ஒரு வீட்டுக்குரிய 1,20,000 உருபாவில் நடுவணரசு தருவது 72,000. எஞ்சிய 48,000 தமிழ்நாட்டரசின் பங்கு. அத்தொகையில் கற்காரைக் கூரை எழாது என்பதால் தமிழ்நாட்டரசு மேலும் 1,20,000 சேர்த்துத் தருகின்றது. குறைவாகக் கொடுப்பாரின் பெயர் வீட்டின் நெற்றியில் நிற்கின்றது. அதுவும் அயல்மொழியில் நிற்கின்றது.

ஆயினும் தமிழன்பர்களே, பெயரைத் தமிழாக்கிவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று நாம் அமைந்துவிடக் கூடாது. 'கனவு இல்லம்' நல்ல தமிழ்ப் பெயர். அதன் வாயிலிலும் நடுவணரசுத் திட்டத்தின் வாயிலிலும் நிற்கும் கேள்வி ஒன்றே: "உனக்குப் பட்டா இருக்கிறதா?" தானே வீடு கட்டிக்கொள்ள உதவி கேட்பவன் முதலில் மனை உடையவனாக இருத்தல் வேண்டும். நகர்ப்புறத் திட்டத்திலும் நிலை இதுவே. கூரையில்லாதவனுக்குத் திட்டம் உண்டு. தரையே இல்லாதவனுக்கு அதில் இடமில்லை. மிக ஏழையை விட்டுவிட்டு, அவனினும் ஒருபடி மேலானவனிடமிருந்தே உதவி தொடங்குகின்றது. மலைச்சரிவில் வாழ்வார் ஏன் எந்தத் திட்டத்திலும் அகப்படாமல் போகின்றனர் என்பதற்குரிய கரணியம் இதுவே.

புறம்போக்கு என்னும் சொல்லையும் சற்றே ஆய்வோம். தீர்வைக் கணக்கிற்குப் புறம்பாகப் போக்கிய நிலம் புறம்போக்கு. மேய்ச்சல் வெளி, களம், வழி, நீர்நிலை என ஊர்க்கெல்லாம் பொதுவான நிலமே அது. அப்பொதுநிலத்தின் பெயர் இன்று ஏழையைத் திட்டும் வசைச்சொல்லாயிற்று. அரசு ஏடுகள் அதனை 'ஆட்சேபணையுள்ள புறம்போக்கு', 'ஆட்சேபணையற்ற புறம்போக்கு' என இரண்டாகப் பிரிக்கின்றன. ஏரி, ஓடை, காடு போன்றவை முதல்வகை. அங்குப் பட்டா இல்லை. மற்றது இரண்டாம் வகை. அங்கு நெடுநாள் வாழ்வார்க்கு வரன்முறை செய்து பட்டா தரலாம். 2025 பெப்பிரவரியில் தமிழ்நாட்டு அமைச்சரவை, சென்னையைச் சூழ்ந்த பகுதியிலும் பிற நகரங்களிலும் இவ்விரண்டாம் வகை நிலத்தில் வாழும் ஏறத்தாழ 86 ஆயிரம் பேர்க்குப் பட்டா வழங்க முடிவு செய்தது. நல்ல முடிவு, வரவேற்கின்றோம். ஆனால், எவர் தலைமேல் பாறை தொங்குகின்றதோ அவர் முதல்வகையில் அல்லவா இருக்கின்றார்? அவருக்குரிய விடை என்ன?

மலைச்சரிவிலேயே பட்டா கொடு என்று நாம் கேட்கவில்லை. மலை காக்கப்பட வேண்டும். ஓடை காக்கப்பட வேண்டும். மலையைக் காப்பதும் மக்களைக் காப்பதும் இரண்டு வேலைகள் அல்ல. இறக்கப்படும் குடிக்கு இறங்குமிடம் காட்டினால் இரண்டும் ஒரே வேலை. ஆனால் அவ்விறங்குமிடம் எங்கே என்பதில்தான் எல்லாம் அடங்கியுள்ளது. சென்னையில் கூவக்கரையிலும் பிற கரைகளிலும் வாழ்ந்தாரை 2000ஆம் ஆண்டிலிருந்து நகரின் தென்கோடியில் கண்ணகி நகரில் குடியேற்றினர். வழக்குரைத்து நயன்மை கேட்டவளின் பெயர் அந்நகர்க்கு. அங்குக் குடியேறியவர்க்கோ வேலையிடம் தொலைவாயிற்று, பள்ளி தொலைவாயிற்று, மருத்துவமனை தொலைவாயிற்று. கல்வீடு கிடைத்தது, கஞ்சிக்கு வழி அறுந்தது. பள்ளி ஆசிரியனாகிய எனக்கு ஒன்று தெரியும். படிப்பாண்டின் நடுவில் குடும்பம் இடம் பெயர்ந்தால் முதலில் அறுபடுவது பிள்ளையின் கல்வி. அதிலும் பெண்பிள்ளையின் கல்வி. கோயில் வாயிலிலும் செங்கம் சாலையிலும் பிழைப்பு நடத்துவாரை ஊர்க்கு வெகுதொலைவில் கொண்டுபோய் வைத்தால், அவர்கள் மீண்டும் மலையடிக்கே வந்து சேர்வர்.

நிலமில்லார்க்கு முதலில் நிலம் என்பது நடவாத கனவன்று, இந்நாட்டிலேயே நடந்தது. உழவுத் தொழிலாளர் பிறர் நிலத்தில் குடிசை கட்டி, நிலக்கிழார் சினந்தால் அன்றே வெளியேறும் நிலையில் வாழ்ந்த காலம் உண்டு. 1971இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இயற்றிய குடியிருப்பு உடைமைச் சட்டம், அவர்கள் குடியிருந்த மண்ணை அவர்களுக்கே உடைமையாக்கிற்று. வீடு கட்டித் தருவதற்கு முன்னர் மண்ணைத் தந்த சட்டம் அது. அண்டையிலுள்ள கேரளத்தில் 2016இல் தொடங்கிய 'லைப்' வீட்டுத் திட்டம், நிலமுள்ள வீடிலார், நிலமுமில்லா வீடிலார் என இருசாராரையும் பிரித்தெண்ணி, பின்னவரையும் தன் பொறுப்பில் ஏற்றது. நடைபாதையில் வாழ்ந்தார் தொடுத்த வழக்கில், 1985இல், இந்திய உச்ச முறைமன்றம், உயிர்வாழும் உரிமையில் பிழைப்புக்குரிய உரிமையும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே, நிலமில்லான் கேட்பது இரப்பன்று, உரிமை.

இனிச் செய்ய வேண்டுவன யாவை? முதலாவது, மலைச்சரிவிலும் ஓடைக்கரையிலும் வாழும் ஒவ்வொரு குடும்பத்தையும் வீடுவீடாகக் கணக்கெடுத்து, அக்கணக்கைத் தமிழில் எல்லாரும் காணுமாறு ஒட்டுதல் வேண்டும். இரண்டாவது, மாற்றுமனை நகரெல்லைக்குள் அல்லது அதனை ஒட்டி, அவர்தம் தொழிலிடத்திற்கு நடந்து வரும் தொலைவில் ஒதுக்கப்பட வேண்டும். மனைப்பட்டா குடும்பத்தலைவியின் பெயரிலும் அமைய வேண்டும். மூன்றாவது, அடித்தளம், நிலைமட்டம், கூரை எனக் கட்டக் கட்டப் பணம் என்னும் முறையில், முதற்படிக்கே கையில் காசில்லாதவன் வட்டிக்கடையில் விழுகின்றான். நிலமில்லார்க்கேனும் முதற்றவணை முன்னரே தரப்பட வேண்டும். நான்காவது, பயனாளிகளை ஊரவையிலும் பகுதியவையிலும் மக்கள்முன் தேர்தல் வேண்டும். எவர் பெயர் ஏன் விடுபட்டது என்பதற்கு எழுத்தில் விடை தருதல் வேண்டும். 2024இல் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தது. வரி உயர்வதும் பலகை மாறுவதும் மட்டும் உயர்வாகா. கடைக்கோடிக் குடிக்கு மனை கிடைப்பதே உயர்வு.

செத்தார்க்கு ஐந்து இலக்கம். இருப்பார்க்கு மூன்றரை இலக்கம், அதுவும் பட்டா இருந்தால். இக்கணக்கு எந்த அறத்தில் எழுதப்பட்டது? ஒரு குடும்பம் உயிரோடிருக்கும்போது அதற்கு ஒரு மனை காட்ட இயலாத அரசு, அது மண்ணுக்குள் போனபின் பணத்தோடு வருவதில் என்ன பெருமை உண்டு?

நம் இயக்கத்தார்க்கும் ஒரு சொல். தமிழ் தழைக்க வேண்டுமென்று நாம் முழங்குகின்றோம். தமிழ் ஏட்டில் மட்டும் வாழவில்லை. பூ விற்பவள் நாவிலும் சாந்து சுமப்பவள் நாவிலும்தான் அது பிழையின்றி வாழ்கின்றது. அவர்கள் நிற்க இடமின்றிப் போனால், மொழிக்கும் நிற்க இடமில்லை. ஆகலின் பெயர்ப்பலகையைத் தமிழாக்கக் கேட்கும் அதே வாயால், பலகை மாட்டச் சுவரும், சுவரெழுப்ப மண்ணும் கேட்போம். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னரே கேட்போம்.