வீட்டுக்கு போர் போடப் போறீங்களா? வண்டி வரும் முன்பே பேச வேண்டியவை!

''வீட்டுத் தேவைக்கும் இரண்டு கறவை மாடுகளுக்கும் தண்ணீர் வேண்டி, நகையை அடகு வைத்து போர் போட இருக்கிறோம். பக்கத்து வீட்டில் 850 அடி போட்டும், ஆறே மாதத்தில் மண் சரிந்து மோட்டார் உள்ளேயே சிக்கிக்கொண்டது. மூன்று ஏஜென்டுகள் மூன்று ரேட் சொல்கிறார்கள். யாரிடம் வேலையைக் கொடுப்பது?''

- வாசகி, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் மாவட்டம்.

அடிக்கு எத்தனை ரூபாய் என்பதை மட்டும் வைத்து ஆளைத் தேர்வு செய்யக் கூடாது. ஓட்டும் ரேட்டைக் குறைத்துச் சொல்பவர், கேசிங் பைப்பில் அந்தப் பணத்தை எடுத்துவிட முடியும். அதனால், மூன்று பேரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள்.

பதிவும் அனுமதியும்

முதல் கேள்வி, 'வண்டிக்குப் பதிவுச் சான்று இருக்கிறதா?' உச்ச நீதிமன்றம் 2010-ம் ஆண்டு வகுத்த நெறிமுறைகளின்படி, போர் போடும் நிறுவனங்கள் மாவட்ட நிர்வாகத்திடம் பதிவு செய்திருக்க வேண்டும். நிலத்தின் உரிமையாளர் 15 நாட்களுக்கு முன்பே எழுத்து மூலம் தகவல் தர வேண்டும். தமிழ்நாட்டில் ஊராட்சிப் பகுதிகளுக்கு 2015-ம் ஆண்டு தனி விதிகளும் வந்துள்ளன. எனவே, ஊராட்சியில் அனுமதி வாங்கிய பிறகே வண்டியை வரச்சொல்ல வேண்டும். 'அதெல்லாம் வேண்டாம், ராத்திரியோடு ராத்திரியாக முடித்துவிடலாம்' என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். நாளை ஒரு பிரச்னை என்றால், அவரைத் தேடிப் பிடிக்க முடியாது.

கேசிங்கில் மிச்சம் பிடிக்காதீர்கள்

பக்கத்து வீட்டு போரில் நடந்ததற்கு, கேசிங் பைப் போதாமல் போனது காரணமாக இருக்கலாம். மேல்மண்ணுக்கும் கடினப் பாறைக்கும் நடுவே, கையால் உடைத்தாலே உதிரும் பாறை இருக்கும். கேசிங் பைப் இந்த அடுக்கு முழுவதையும் தாண்டி, கடினப் பாறைக்குள் சில அடிகள் இறங்கி உட்கார வேண்டும். பாதியிலேயே நிறுத்தினால், மழைக்காலத்தில் மண் கரைந்து மோட்டார் மேல் விழும். மேல்மட்டத்து அழுக்கு நீரும் உள்ளே இறங்கும். குடிக்கும் தண்ணீர் என்பதால் இது முக்கியம். கழிவறைக் குழி, சாணக் குழி ஆகியவற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளியே இடம் பார்க்க வேண்டும்.

ஐ.எஸ் 12818 முத்திரை உள்ள பி.வி.சி கேசிங் பைப்தான் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். துளை நாலரை இஞ்சா, ஆறரை இஞ்சா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். வழக்கமான 4 இஞ்ச் சப்மெர்சிபிள் மோட்டாருக்கு ஆறரை இஞ்ச் துளைதான் வசதி.

எந்த அடியில் நிறுத்துவது?

போர் போடுபவருக்கு அடிக்கணக்கில்தான் கூலி. பொதுவாக, 300 அடிக்கு மேல் ஒவ்வொரு 100 அடிக்கும் ரேட் ஏறிக்கொண்டே போகும். தண்ணீர் வராவிட்டாலும், ஓட்டிய அடிக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டும். அதனால், 'இன்னும் 100 அடி போனால் ஊத்து கிடைக்கும்' என்ற பேச்சு வரும்போது, வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்ற கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு, ஆளுக்கு 100 லிட்டர் வீதம் 500 லிட்டர். மாடு ஒன்றுக்கு, குளிப்பாட்டுவதையும் சேர்த்து 100 லிட்டர். ஆக, ஒரு நாளைக்கு 700 லிட்டர் போதும்.

போரிலிருந்து வரும் தண்ணீரை, 'வி' வடிவ வெட்டு உள்ள தகடு வைத்து அளந்து, 'ஒரு இஞ்ச், இரண்டு இஞ்ச்' என்று சொல்வார்கள். வெட்டு 90 டிகிரி கோணத்தில் இருந்தால், ஒரு இஞ்ச் என்பது மணிக்குச் சுமார் 500 லிட்டர். இரண்டு இஞ்ச் என்பது அதில் இருமடங்கு அல்ல; சுமார் 3,000 லிட்டர். கோடையில் இந்த அளவு குறையும். பாதியாகக் குறைந்தாலும்கூட, ஒரு இஞ்ச் தண்ணீர் உள்ள போரை மூன்று மணி நேரம் ஓட்டினால் 700 லிட்டர் கிடைத்துவிடும். ஒரு தொட்டி கட்டிக்கொண்டால் போதும். தோப்புக்குப் பாய்ச்சும் போர் வேறு. வீட்டு போர் வேறு. தேவைக்குத் தண்ணீர் கிடைத்த பிறகும் ஆழம் போவது, அடகு வைத்த நகையை மீட்பதைத் தள்ளிப்போடும்.

கடினப் பாறைப் பகுதியில், பாறை வெடிப்புகளில்தான் தண்ணீர் இருக்கும். ஆழம் போகப் போக வெடிப்புகள் பொதுவாகக் குறையும். எனவே, 'எத்தனை அடிக்கு மேல் போகக் கூடாது' என்பதை அக்கம்பக்கத்து போர்களின் ஆழத்தை விசாரித்து, வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். வேளாண் பொறியியல் துறையினர், கட்டணம் பெற்றுக்கொண்டு விவசாயிகளுக்கு நிலத்தடி நீர் ஆய்வு செய்து தருகிறார்கள். இடம் பார்த்துச் சொல்பவரும், போர் போடுபவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பது நல்லது.

வண்டி நிற்கும்போது...

வீட்டில் ஒருவர் நோட்டும் பேனாவுமாகக் கூடவே இருக்க வேண்டும். முதலில் ஒரு ராடின் நீளத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். 20 அடி ராடு என்றால், 15 ராடு இறங்கினால் 300 அடி. கேசிங் பைப்பையும் இறக்கும் முன்பே அளந்துவிடுங்கள். எத்தனையாவது அடியில் பாறை வந்தது, எங்கெல்லாம் தண்ணீர் வந்தது என்று எழுதிவையுங்கள். பின்னாளில் மோட்டார் இறக்குபவருக்கு இந்தக் கணக்கு உதவும். தண்ணீர் தெளிந்து வரும்வரை காற்றடித்துச் சுத்தம் செய்த பிறகே வண்டியை அனுப்ப வேண்டும். ஓட்டிய அடி, கேசிங் அடி, இரண்டுக்குமான ரேட் ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறிப்பிட்ட பில்லை வாங்கிக்கொண்டு, மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

வண்டி போன அன்றைக்கே...

மோட்டார் இறக்குவதற்கு நாளாகும் என்றால், அன்றைக்கே குழாய் வாயை இறுக்கமாக மூடிவிட வேண்டும். தண்ணீர் இல்லை என்றால், அடியிலிருந்து தரைமட்டம் வரை கல், மண் போட்டு நிரப்பிவிட வேண்டும். சாக்குப் பையால் மூடி வைப்பது பாதுகாப்பல்ல. 2019 அக்டோபரில், மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட போரில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து இறந்தது. குழியை மூடும் வேலை யாருடையது என்பதையும், முன்பணம் கொடுக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள்.